வைர வழி அடைபட்ட பிறகே ஓய்ந்த போர்

ஆசிரியருக்கு,

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் உள்நாட்டுப் போரை ஐ.நா. படை போய் நிறுத்தியது என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுவது சரியல்ல. 1999 ஜூலையில் கையெழுத்தான லோமே அமைதி ஒப்பந்தம், கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சாங்கோவுக்குப் பொதுமன்னிப்போடு துணை அதிபர் அந்தஸ்தையும் கனிம வள ஆணையத்தின் தலைமையையும் கொடுத்தது. போருக்குப் பணம் தந்த வைரத்தையே அவர் கையில் விட்டது பெரும் பிழை. நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கப் படை விலகியதும், 2000 மே மாதம் சுமார் 500 ஐ.நா. அமைதிப்படையினரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்துவைத்தார்கள். கிழக்கே கைலாஹுன் ஊரில் முற்றுகையில் சிக்கிய, அந்தப் படையின் இந்திய வீரர்கள் ஜூலையில்தான், ‘ஆபரேஷன் குக்ரி’ நடவடிக்கையில் மீண்டார்கள்.

பிரிட்டன் படை வந்தது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அரசுச் சான்றிதழில்லா சியரா லியோன் வைரத்துக்கு 2000 ஜூலையில் ஐ.நா. தடை விதித்தபோதும் கல் அண்டை நாடான லைபீரியா வழியாக வெளியேறியது. ஆயுதம் அதே வழியில் உள்ளே வந்தது. 2001-இல் லைபீரிய வைரத்துக்கும் தடை போட்டார்கள். எல்லையில் இன்னொரு அண்டை நாடான கினியாவின் ராணுவமும் கிளர்ச்சியாளர்களைப் பலமாக அடித்தது. அமைதிப்படையின் உச்சவரம்பும் 17,500 பேராக உயர்ந்தது. அதன் பிறகே ஆயுத ஒப்படைப்பு வேகம் பிடித்தது. 2002 ஜனவரியில் அது முடிந்தபோது, 70,000-க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தைக் கைவிட்டிருந்தார்கள்.

– வாசகர், திருச்சி