பட்டாணியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பூனை பட்டாணி நேற்று தானாகவே ஜன்னல் திட்டில் தாவி ஏறிவிட்டாள். வயிற்றில் மழித்த இடத்தில் இன்னும் முடி வளரவில்லை, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வழவழவென்று இருக்கிறது. தையல் பிரித்து நான்கு நாள் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத எனக்குக் கை ஓடுகிறது. உங்களில் பாதிப் பேருக்கு நான் நேரில் நன்றி சொல்லவில்லை. சிலருடைய பெயர்கூடத் தெரியாது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அவள் விழுங்கியது பூ கட்டும் நூல். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூடையில் மிச்சம் கிடந்ததை இழுத்து விளையாடியிருக்கிறாள். திங்கட்கிழமை சோறு வேண்டாம் என்றாள். கட்டிலுக்கு அடியில் அடைகாக்கும் கோழி போலக் குந்திக்கொண்டாள். முதலில் தூக்கிக்கொண்டு போன இடத்தில் வயிற்றில் முடி சேர்ந்திருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். செவ்வாய் முழுக்க மஞ்சள் தண்ணீராக வாந்தி. புதன் காலை ஓங்கரித்தபோது வாயோரத்தில் ஒரு விரற்கடை வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது.

அதைப் பிடித்து இழுக்கத்தான் கை போனது. யாருக்கும் அப்படித்தான் போகும். ரவிக்கை கொடுக்க வந்த கீழ்க்கடை டைலர் அண்ணன்தான் வாசலில் நின்றபடியே கத்தினார்: "இழுக்காதேம்மா! சுருக்கம் வைக்க ஓட்டின நூலை இழுத்தா துணி என்ன ஆகும்?"

அண்ணே, நீங்கள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் அதேதான். நூலின் ஒரு பக்கம் நாக்கின் அடியில் வளையமாக மாட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போயிருந்தது. குடல் அலை அலையாகச் சுருங்கி உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும். நூல் நகராது. அப்போது குடலே நூலின் மேல் ஏறி, நாடாவை இழுத்த பாவாடை மாதிரி கொசகொசவென்று சுருங்கிவிடும். விறைத்து நிற்கும் நூல் மடிப்புகளின் உள்பக்கத்தை ரம்பம்போல அறுக்கும். நான் இழுத்திருந்தால் அங்கேயே கிழிந்து, குடலில் இருப்பது வயிற்றுக்குள் கொட்டியிருக்கும். அதற்கப்புறம் பிழைப்பது கடினமாம்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்ன மாடி வீட்டாரே, உங்கள் அக்கறைக்கும் நன்றி. நல்லவேளை, கொடுக்கவில்லை. உப்பு ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரை போகும் என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரம்பூரிலிருந்து வேப்பேரி வரை ஒரு பள்ளத்திலும் வண்டியைத் தூக்கிப் போடாமல் ஓட்டி வந்த ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. இதைச் சென்னையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

என் தாத்தா மாட்டாஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு லாப்ரடாரோடு ஒருவர். அது மாங்கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டதாம். பூனை நூலுக்கு மயங்கும் என்றால் நாய்க்கு வாயில் அகப்படுவதெல்லாம் தின்பண்டம். கொட்டை சில சமயம் நாள்கணக்கில் வயிற்றில் சும்மா கிடந்துவிட்டு, பிறகு குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளுமாம். அவர் என் கூடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "என் பையன் வாலாட்டிக்கிட்டு இருக்கான். உங்க பொண்ணு தலையே தூக்கலையே, நீங்க முன்னாடி போங்க" என்றார். காலையிலிருந்து நின்றவர் அவர்.

உள்ளே இருந்த மாணவிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பட்டாணியின் வாயைத் திறந்து, தாடைக்கு அடியில் கட்டைவிரலை வைத்து மெல்ல மேலே அழுத்தினார். நாக்கு தானாக எழும்பியது. அடியில் ஒரு வெள்ளைக் கோடு, சுற்றிலும் சிவந்த சதை. பூனை நாக்கில் இருக்கும் முள்ளெல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும், ஒட்டியதைத் துப்ப அதற்கு வழியே இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான், இரண்டு நாளாக அவளைத் திட்டியதற்கு வருத்தப்பட்டேன். என்ன பூ என்றும் கேட்டார். மல்லி என்றதும் அவருக்கு மூச்சு வந்தது. லில்லியாக இருந்தால் பூனையின் சிறுநீரகம் போய்விடுமாம்.

எக்ஸ்ரேயில் நூல் தெரியாது. குடலில் அங்கங்கே மாட்டிய காற்றுதான் கமா கமாவாகத் தெரிந்தது. ஸ்கேனில் சுருக்கம் தெளிவாகவே தெரிந்தது. அறுவை செய்த டாக்டர் முதலில் நாக்கடியில் நூலை வெட்டிவிட்டு, இரைப்பையில் ஓரிடமும் குடலில் இரண்டு இடமும் திறந்து துண்டு துண்டாக எடுத்தார். ஒரேயடியாக உருவினால் அதுவும் அறுக்குமே. டாக்டர், வெளியே வந்து நீங்கள் முகக்கவசத்தை இறக்கியபோது என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நினைவில்லை. உங்கள் முகம் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

பணம் அனுப்பிய அலுவலகத் தோழிகளுக்கு நன்றி, அடுத்த மாதத்திலிருந்து திருப்பித் தருகிறேன். எதிர்வீட்டுப் பாட்டி தினமும் கோழி சூப் வைத்துக் கொடுத்தார். பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிக் காமாலை வரும் என்பதால் எப்படியாவது உள்ளே இறக்கியாக வேண்டியிருந்தது. வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்துக்கு ஆகாது என்றதும் "அதுக்குப் பேர் சூப்பா?" என்று முணுமுணுத்தார். ஆனால் ஒரு நாளும் போடவில்லை.

பூக்கார அக்கா, இது உங்களுக்கு. உங்கள் நூல்தான் என்று நீங்கள் மூன்று நாள் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. கூடையை மூடாமல் தூங்கியது நான். ஆஸ்பத்திரியில் டப்பாவில் போட்டுக் கொடுத்த நூல் துண்டுகளை நீட்டினேனே, அழுதுகொண்டே வரிசையாக வைத்து முழங்கையால் அளந்தீர்கள்: "ரெண்டு முழத்துக்கு ஒரு சாண் கம்மி." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் முதலில் சிரித்தது அப்போதுதான். இப்போது எங்கள் வாசலில் உட்கார்ந்தால் மட்டும் நீங்கள் வாழைநாரில் கட்டுகிறீர்கள். அக்கா, அதையும் அவள் மெல்லுவாள். நீங்கள் நூலிலேயே கட்டுங்கள், மிச்சத்தை நான் மூடி வைக்கிறேன்.

லாப்ரடார்காரரே, நான் வெளியே வந்து தேடியபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கொட்டை வந்துவிட்டதா?

இப்படிக்கு,
பட்டாணி வீட்டார், பெரம்பூர்