எந்த வேலை எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமண வீடியோ, யூடியூப் பேட்டி, ஆவணப்படத்துக்கு சப்டைட்டில் என்று மூன்று நான்கு வேலைகளை ஒரே மாதத்தில் ஏற்கும் ஃப்ரீலான்ஸ் எடிட்டர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல. எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பது எழுத்தில் இல்லாமல் நினைவில் மட்டும் இருப்பதுதான் காரணம்.

ஒரே நோட்டு அல்லது ஒரே கூகுள் ஷீட் போதும். வேலைக்கு ஒரு வரி: ஒப்புக்கொண்ட நீளம், எத்தனை முறை கரெக்‌ஷன், ஒப்படைக்கும் தேதி, வரவேண்டிய பாக்கி. இவற்றோடு ‘இப்போது யாருக்காகக் காத்திருக்கிறது’ என்ற கட்டமும் கட்டாயம் வேண்டும். லோகோ வரவில்லை, பாட்டுக்கு அனுமதி வரவில்லை, பார்த்துச் சொல்ல ஆளில்லை என்றுதான் வேலைகள் தேங்குகின்றன. காலையில் அந்தக் கட்டத்தைப் பார்த்து நினைவூட்டல்களை அனுப்பிவிட்டு டைம்லைனை (காட்சிகளை வரிசையாக அடுக்கும் எடிட்டிங் திரையை) திறந்தால் பாதி நெருக்கடி குறையும். கரெக்‌ஷனை வாடிக்கையாளர் தரப்பில் ஒருவரே தொகுத்து, நிமிடம் நொடி குறித்து எழுதித் தரவேண்டும் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மூன்று பேர் மூன்று வாய்ஸ் நோட் அனுப்பினால் ஒன்றுக்கொன்று முரண்படும்.

கோப்புகளில்தான் பெரிய சேதம் நடக்கிறது. எடிட்டிங் மென்பொருள் பொதுவாகக் காட்சிகளைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. அவை இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. இடம் போதவில்லை என்று நடுவில் ஃபோல்டரை நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ டைம்லைன் முழுக்க ‘மீடியா ஆஃப்லைன்’ என்று நிற்கும். ஃபோல்டர் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். தானாகவே கால வரிசையில் அமையும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ வேண்டாம். வி1, வி2 என்று எண் போட்டால் போதும். எடுத்த காட்சிகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். இரண்டாவது பிரதியை ஓட்டிப் பார்க்கும்வரை கேமரா கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. செல்போன் காட்சிகளில் ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். நீண்ட பேட்டியில் உதடும் குரலும் விலகுவது இதனால்தான். மற்ற கேமராக்கள் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்திருந்தால் செல்போன் காட்சியையும் நிலையான 25க்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பணத்தில் அட்வான்ஸ், கழித்த டிடிஎஸ் (பணம் தருபவர் பிடித்துக் கட்டும் வருமான வரி), கையில் வந்த தொகை மூன்றையும் தனித்தனியே எழுதவேண்டும். இல்லாவிட்டால் குறைந்து வந்தது வரிப்பிடித்தமா, பாக்கியா என்று பிறகு தெரியாது. கழித்த தொகை நம் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்க்கவும் வேண்டும். குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. அப்படிப் பதிந்தவர்களுக்கு, குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். இது தெரியாமல் மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் ஏராளம்.

கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைகள் கேமராவும் எடிட்டிங்கும் சொல்லித்தருகின்றன. இறுதி ஆண்டில் சில வகுப்புகளையாவது இன்வாய்ஸ், ஒப்பந்தம், கோப்புப் பராமரிப்புக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஃப்ரீலான்ஸ் எடிட்டர்கள் சிலர், சென்னை