சிரட்டைக்கரி பற்றிச் சுற்றும் வாய்ஸ் மெசேஜ்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டார் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், எங்கள் கடை சோலாரையும், தேங்காய்ச் சிரட்டையைச் (கொட்டாங்குச்சியை) சுட்டு மண்ணில் போட நாங்கள் செய்து விற்கும் கரியையும் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கு வந்திருக்கும். நிறைய பேர் அதை எங்களுக்கே அனுப்பி "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

அதில் பேசுகிறவர் இரண்டு குறை சொல்கிறார். சோலார் போட்டும் கரண்ட் போனால் வீடு இருட்டாகத்தான் கிடக்கிறது என்பது ஒன்று. கருகிய சிரட்டையை மண்ணுக்கும் நல்லது காற்றுக்கும் நல்லது என்று கதை சொல்லி மூட்டை மூட்டையாக விற்று ஏமாற்றுகிறார்கள், அதைப் போட்ட வாழை மஞ்சளடித்துவிட்டது என்பது இன்னொன்று.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுகிற ஆன்-கிரிட் சோலார் என்றால் லைனில் கரண்ட் இல்லாதபோது இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நின்றாக வேண்டும் என்பதுதான் விதி. லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற மனிதரை உங்கள் மட்டுப்பாவிலிருந்து (மொட்டை மாடியிலிருந்து) போகிற கரண்ட் அடித்துவிடக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் குமரி மாவட்டத்தில் எத்தனை கம்பங்கள் சாய்ந்தன, மின்வாரிய ஊழியர்கள் இராப்பகலாக நின்று எப்படி வேலை செய்தார்கள் என்பதை நாம் யாரும் மறக்கவில்லை. கரண்ட் போனாலும் வீட்டில் லைட் எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வைக்கலாம், செலவு கூடும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் பேட்டரி வைத்தாலும் அதே தொகைதான். இதை ஆர்டர் எடுக்கும்போதே எல்லாரிடமும் சொல்கிறோம்.

எங்களுக்கு வலித்தது இரண்டாவது குறைதான்.

"கருகிய சிரட்டை" என்கிறார். எங்கள் ஷெட்டில் வாய் அகன்று அடி ஒடுங்கிய இரும்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. அடியில் கொஞ்சம் சிரட்டையைப் பற்றவைத்து, அதன்மேல் சாம்பல் லேசாக வெளுக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போடுவோம், அது வெளுக்கும்போது அதற்கடுத்தது. மேலே எரிகிற தீ ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் கீழே கிடப்பது சாம்பலாகாமல் கரியாகிறது, கிளம்புகிற புகையும் பெரும்பாலும் அந்தத் தீயிலேயே எரிந்துவிடும். தொட்டி நிறைந்ததும் தண்ணீர் விட்டு அணைக்கிறோம். அதில் பிந்தினால் மேலடுக்கு வெண்சாம்பல்தான் மிஞ்சும். தீ முன்னால் ஒரு ஆள் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டிய வேலை இது. நாலு கிலோ சிரட்டைக்கு ஒரு கிலோ கரி தேறினால் அன்றைக்கு நல்ல சூளை.

நல்ல கரியைக் கையால் ஒடித்தால் கிணிங்கென்று சத்தம் வரும், ஒடிந்த இடம் பளபளக்கும். அரைவேக்காடாக இருந்தால் உள்ளே பழுப்பாகத் தெரியும், புகை நாறும். இன்னொரு சோதனையும் இருக்கிறது. தூளை உள்ளங்கையில் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். வெறும் தண்ணீரில் போய்விட்டால் சரி. சோப்பு கேட்டால் அதில் தார் தங்கியிருக்கிறது, மண்ணுக்கு ஆகாது. எங்கள் மூட்டையில் அப்படி வந்தால் திருப்பிக் கொண்டுவாருங்கள், ஒரு வார்த்தை பேசாமல் மாற்றித் தருவோம்.

வாழை மஞ்சளடித்தது உண்மைதான், போய்ப் பார்த்தோம். கரியை மூட்டையிலிருந்து எடுத்து அப்படியே தூரில் கொட்டியிருக்கிறார்கள். காய்ந்த பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல் புதுக்கரி மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தனக்குள் இழுத்துக்கொள்ளும், அந்தச் சமயத்தில் பயிர் வெளுக்கும். அதனால்தான் இரண்டு வாரமாவது சாணிக் கரைசலிலோ, கோபர் கேஸ் தொட்டியிலிருந்து வரும் கழிவிலோ ஊறப்போட்டு, இல்லையென்றால் மக்கும் குப்பையோடு கலந்துவைத்து, அப்புறம் போடச் சொல்கிறோம். ஒவ்வொரு சாக்கின் வாயிலும் தைத்திருக்கிற துண்டுச்சீட்டில் இது கொட்டை எழுத்தில் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, விளையில் (தோட்டத்தில்) நூறு வேலைக்கு நடுவில் சீட்டைப் படிக்க யாருக்கு நேரம்? சாணிக் கரைசல் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தோம், இப்போது குருத்து பச்சையாகத்தான் விரிகிறது. ஆனால் அதற்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் யாரும் போடவில்லை.

எல்லா மண்ணுக்கும் கரி நல்லது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. மேற்கே நம்முடைய செம்மண், சரள் மண் பெரும்பாலும் புளிப்பு, கரியிலோ கொஞ்சம் காரத்தன்மை உண்டு, அதனால் ரப்பர், வாழை, மரச்சீனி (மரவள்ளி) விளைகளுக்கு ஒத்துப்போகிறது. மண்பரிசோதனைச் சீட்டில் காரம் ஏற்கெனவே அதிகம் என்று இருந்தால் வாங்காதீர்கள். அப்படிக் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியும் இருக்கிறோம்.

அடுத்து, காற்றுக் கதை. தொழிற்சாலைகள் வருமுன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சோலார் போட்டால் புதிதாக ஏறுவது குறையும். இராத்திரி நம் வீட்டில் ஓடும் ஃபேனுக்குப் பின்னால் தூத்துக்குடி மாதிரி அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியும் இருக்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலை இருக்கிறதே என்று கேட்பீர்கள், அவை நன்றாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரைதான். சரி, ஏறுவதைக் குறைத்துவிட்டோம், ஏற்கெனவே மேலே போனதை என்ன செய்வது? ஐநாவின் பருவநிலை அறிவியல் குழு 2022 அறிக்கையில், நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க வேண்டுமென்றால் காற்றிலிருந்து கார்பனை எடுப்பதைத் தவிர்க்கவே முடியாது என்று சொல்லியிருக்கிறது. ஐஸ்லாந்தில் அதற்கென்று இயந்திரம் வைத்து, உறிஞ்சியதைப் பாறைக்குள் அனுப்புகிறார்கள், ஏகப்பட்ட செலவும் மின்சாரமும் பிடிக்கிற வேலை அது. நம் ஊரில் உறிஞ்சும் வேலையைத் தென்னை காசு வாங்காமல் செய்கிறது. அந்தச் சிரட்டையை அடுப்பில் எரித்தாலோ மக்கவிட்டாலோ எடுத்தது திரும்பக் காற்றுக்கே போய்விடும். கரியாக்கி மண்ணில் புதைத்தால் அதில் பெரும்பங்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்.

எவ்வளவு என்று கேட்டால், சூளையில் போகிற நஷ்டத்தையெல்லாம் கழித்து ஒரு கிலோ கரிக்குச் சுமார் இரண்டு கிலோ கரியமில வாயு என்று நாங்கள் குறைத்தே கணக்கு வைக்கிறோம். சமையலுக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டரை எரித்தால் சுமார் 42 கிலோ வெளியேறும். அதாவது 20 கிலோ மூட்டை ஒன்று உங்கள் விளையில் புதைந்தால் ஏறக்குறைய ஒரு சிலிண்டரின் கணக்கு நேராகிறது. உலகத்தையே காப்பாற்றுகிறோம் என்று நாங்கள் போர்டு வைக்கவில்லை. ஒரு வீட்டின் அடுப்புக்கு அந்த வீட்டு விளையே பதில் சொல்ல முடியும் என்கிறோம், அவ்வளவுதான். இதைக் கதை என்று ஒருவர் சொல்லும்போது மனசு பொறுக்கவில்லை. ஒக்கியில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத ஊர்களும், ரப்பரும் வாழையும் ஒடிந்து கிடந்த விளைகளும் நம் கண்ணுக்கு முன்னால் இருந்தவை. கடல் சூடேற ஏறப் புயலின் வலு கூடும் என்பது தெரிந்த பிறகும் கையில் இருக்கிற சிறு வேலையைச் செய்யாமல் எப்படி இருப்பது?

சிரட்டை விலை தேங்காயோடு சேர்ந்து ஏறிவிட்டது உங்களுக்கும் தெரியும். காங்கேயம் பக்கத்து ஆட்கள் நல்ல விலை கொடுத்து மொத்தமாக அள்ளிப்போகிறார்கள். வாட்டர் ஃபில்டருக்கான கரிக்கு இருக்கிற கிராக்கியில் எங்களால் போட்டிபோட முடியாது. எங்களுக்கும் கரியை அப்படியே அங்கே விற்றுவிடுவதுதான் சுலபம். மூட்டைக்கு வாங்கும் விலையை அதற்காக ஏற்றவில்லை, பழைய விலைதான், மூட்டை மட்டும் 25 கிலோவிலிருந்து 20 கிலோவாகிறது.

சோலார் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டான். நல்ல வேலை, நன்றாக இருக்கட்டும். புது ஆள் பழகும்வரை கூப்பிட்ட அன்றே வர முடியாது, முதலில் போன் போட்டுவிடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருக்கிறவர்கள் பேனலில் உப்பு படிய விடாதீர்கள். காலையிலோ சாயங்காலமோ நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். உச்சிவெயிலில் சூடான கண்ணாடிமேல் ஊற்ற வேண்டாம், உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரும் வேண்டாம், வெள்ளைக்கறை பிடிக்கும்.

அந்த மெசேஜ் வந்த அன்றைக்கே அதே குழுவில் "எங்க மட்டி வாழைக்கு மூணு வருஷமா இதத்தான் போடுறோம், வந்து பாருங்க" என்று பதில் போட்ட அக்காவுக்கும், எதுவும் சொல்லாமல் வழக்கம்போல வந்து பைக்கில் மூட்டை ஏற்றிப்போன ரிட்டயர்டு சாருக்கும், வீட்டுக் கோபர் கேஸ் கழிவை அக்கம்பக்கத்தாருக்குக் கரி ஊறப்போடச் சும்மா கொடுக்கிற எல்லாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் இல்லையென்றால் இந்தத் தொட்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

சந்தேகம் இருக்கிறவர்கள் சனிக்கிழமை காலையில் ஷெட்டுக்கு வாருங்கள், அன்றைக்குச் சூளை போடுகிறோம். அந்த மெசேஜ் போட்டவரும் வரலாம். காலிச் சாக்கு வீட்டில் கிடந்தால் வரும்போது கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
மார்த்தாண்டம்