எழும்பூர் மியூசியத்தில் இன்றைய சென்னைக்கு ஒரு அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பூர் மியூசியத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். டிக்கெட் வரிசையில் நிற்கும் இளைஞர்களில் பலர் இந்தியிலோ வங்காளியிலோ ஒடியாவிலோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் கட்டட வேலையிலும் ஹோட்டல் சமையற்கட்டிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் கழிகிறது, கிடைக்கிற ஒரு நாள் லீவில் மெரினா, வண்டலூர், இல்லையென்றால் மியூசியம். உள்ளே வருகிறார்கள், நடராஜர் முன்னால் நின்று ஒரு கும்பிடு போடுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார்கள். அந்தப் பலகைக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று பேச ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அதைத்தான் எழுத வந்தேன், ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் செத்த காலேஜ் என்று சொல்லித்தான் எங்களை அங்கே கூட்டிப்போவார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த ஊர் செய்த பாக்கியம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்வி வேறு. விரதம், சமையல், பாட்டு, சாவு வீட்டு மேளம், கைத்தொழில் என்று இன்றைக்கும் உயிரோடு இருக்கிற வழக்கங்கள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்திருக்கும் மக்களுக்கு அந்த வளாகத்தில் என்ன இடம்? அதுவும் ஊர் இவ்வளவு வேகமாகக் கலந்துகொண்டிருக்கிற இந்தக் காலத்தில்? சர்வதேச அருங்காட்சியகங்களின் சபை 2022-ல் பிராக் நகரில் கூடி, மியூசியம் என்றால் என்ன என்பதற்கான விளக்கத்தையே திருத்தியது. எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், பன்மையை வளர்க்க வேண்டும், மக்களின் பங்கேற்போடு இயங்க வேண்டும் என்கிற பேச்செல்லாம் அப்போது உள்ளே வந்ததுதான். உலகம் முழுக்க இதைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், நாமும் பேச வேண்டாமா?

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தீபாவளி முடிந்து வரும் வளர்பிறை சஷ்டி அன்று மாலை மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். பீகார், ஜார்க்கண்ட், கிழக்கு உத்தரப் பிரதேசக் குடும்பங்கள் சூரியனைக் கும்பிடும் சத் பூஜைக்குக் கூடியிருக்கும். மூக்கில் தொடங்கி வகிடு வரைக்கும் ஒரே கோடாகச் செந்தூரம் இட்டுக்கொண்ட பெண்கள், முதல் நாள் இரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், மூங்கில் முறத்தை ஏந்திக்கொண்டு அலைக்குள் இறங்குகிறார்கள். முறத்தில் வாழைப்பழம், தேங்காய், இலையோடு இஞ்சியும் மஞ்சளும், அப்புறம் கோதுமை மாவையும் வெல்லத்தையும் பிசைந்து பொரித்த தேக்குவா. பக்கத்திலேயே கரும்பு. நம் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கிற அதே கரும்பு, அதே மஞ்சள் கொத்து. இந்தப் பூஜைக்குப் புரோகிதர் தேவையில்லை, வீட்டுப் பெண்களே எல்லாம். முதல் அர்க்கியம், அதாவது முதல் படையல், மறைகிற சூரியனுக்கு. ஆற்றங்கரையில் அது சிக்கலில்லை. மெரினாவில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் விழுவதால், கடலுக்குள் நின்றுகொண்டு ஊரைப் பார்த்து முறத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மறுநாள் விடியலில்தான் கடல் பக்கம் திரும்புவது. எங்கள் தெருவில் டைல்ஸ் ஒட்டும் பீகார் தம்பி ஒருவர், இங்கே வந்துதான் தமிழ் கற்றுக்கொண்டவர், என்னிடம் சொன்னது இது: "எங்க ஊர்ல கங்கையில நிப்போம்ண்ணே, இங்க கடல்ல நிக்கிறோம். அம்மாவுக்கு மொதல்ல அலைன்னா பயம். இப்ப பழகிடுச்சு."

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதே சஷ்டியில்தான் நமக்குச் சூரசம்ஹாரம். 2024-லும் 2025-லும் இரண்டும் ஒரே நாளில் வந்தன. திருச்செந்தூர்க் கடற்கரையிலும் வடபழனியிலும் ஆறு நாள் விரதமிருந்த நம் பெண்கள் நின்றிருந்த அதே மாலையில் அந்தப் பெண்கள் மெரினாத் தண்ணீரில் நின்றிருந்தார்கள். இங்கே பிள்ளை வரம் கேட்டு, அங்கே பெற்ற பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று. வடபழனிக்கும் மெரினாவுக்கும் நடுவில் பஸ்ஸில் போகிற தூரம்தான், ஆனால் இப்படி ஒரு விரதம் பக்கத்திலேயே நடக்கிறது என்பது பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்குமே தெரியாது. அந்த இரண்டு அம்மாக்களையும் ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசவிட வேண்டும், நடுவில் மொழிபெயர்க்க ஒரு ஆள், கேட்க நாங்கள் நாற்பது பேர். மியூசியம் செய்ய வேண்டிய வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

இதைச் சொல்லும்போதே ஒரு பயமும் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மக்களை மியூசியத்துக்குள் கொண்டுவருவது எழும்பூருக்குப் புதிதில்லை. 1885 முதல் 1908 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் போட்டார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள், தகவல் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பேசுகிறவர் அளந்தவர், அளக்கப்பட்டவர் இல்லை. இப்போது பீகார்காரர், மணிப்பூர்காரர், நேபாளி என்று ஆளுக்கொரு பொம்மையைச் செய்து உடை மாட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டு, பன்முகச் சென்னை என்று பலகை வைத்தால் அது அதே வேலைதான். அப்படிச் செய்வதற்கு எதுவும் செய்யாமல் இருப்பதே மேல்.

வேறு எப்படிச் செய்யலாம் என்பதற்கு வெளியே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பெர்லினில் 2015-ல் முல்தகா என்றொரு திட்டம் தொடங்கினார்கள். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அந்த ஊர் மியூசியங்களில் அரபு மொழியில் வழிகாட்டிகளாக நிறுத்தினார்கள். பழைய ஈராக் நகரமான பாபிலோனின் இஷ்டார் நுழைவாயில் இருப்பது பெர்லினில். அதைப் பற்றி ஈராக்கிலிருந்து வந்தவரே தன் ஊர்க்காரர்களுக்குச் சொன்னார் என்றால், கேட்டவருக்கு அந்த ஊரில் காலூன்ற ஓரடி இடம் கிடைத்த மாதிரி இருந்திருக்காதா? நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சோழர் செப்புத் திருமேனிகள் எப்படிச் செய்யப்பட்டன, மெழுகு எப்படி, மண் எப்படி, உலோகத்தை எப்படி ஊற்றுவது என்பதை, இங்கே பத்து வருஷமாக இருக்கிற, தமிழும் ஒடியாவும் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஒடியாவில் சொல்லட்டும். அவர் ஊர்ப் பக்கத்தில் டோக்ரா என்று மெழுகு வைத்து வார்க்கும் தொழில் இன்றும் நடக்கிறது. கேட்கிற கூட்டத்தில் அந்த வேலை தெரிந்த ஒருவர் இருந்தாலும் ஆச்சரியமில்லை, அவரிடமிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இவர்கள் தினக்கூலிகள். மியூசியத்துக்கு வந்து பேசுங்கள், பாடுங்கள், செய்து காட்டுங்கள் என்று கூப்பிட்டால் அன்றைய சம்பளம் போகும். சால்வை போர்த்தி அனுப்புவது போதாது, கூலி கொடுக்க வேண்டும். பதிவு செய்தால் ஒரு பிரதி அவர்கள் கையில் இருக்க வேண்டும். இதைக் காட்டாதே என்று ஒருவர் சொன்னால் காட்டக்கூடாது.

இது புதிதாக வந்தவர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-ல் வெளிவந்தது நம் மெட்ராஸில்தான். அதை நடத்திய பாதிரியார் அடக்கமாகியிருக்கும் ஆர்மீனியன் தேவாலயம் பாரிமுனையில் இன்றும் நிற்கிறது, கும்பிட வரும் ஆர்மீனியர்கள்தான் ஊரில் இல்லை. கட்டடம் மிஞ்சியது, வழக்கம் போய்விட்டது. ஆகஸ்டில் மெட்ராஸ் தினம் வந்தால் இந்தக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் வழக்கம் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும் இல்லையா? திருவல்லிக்கேணி வாலாஜா மசூதியில் ரமலான் மாதம் மாலையில் போனால், தலையில் குல்லா வைத்துக்கொண்டு நோன்பு திறக்கக் கஞ்சியும் சோறும் பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த தொண்டர்கள். பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்தது, பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆற்காடு நவாப் குடும்பம் 1795-ல் கட்டிய பள்ளிவாசல், சிந்து மாகாணத்து அகதி தொடங்கிய தொண்டு, சாப்பிடுகிறவர்களில் தமிழ் முஸ்லிமும் உருது முஸ்லிமும் உண்டு. மரபு என்றால் எனக்கு இதுவும் மரபுதான்.

பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடைக்காரரைப் பாருங்கள். நூடுல்ஸ், கோஸ், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கியது எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்பையும் ஊற்றித் தருவார். 1960-களில் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த ருசி அது. அவர்களுக்காகத்தான் 1969-ல் பர்மா பஜார் வந்தது. வரும்போது அவர்களையும் வெளியூர்க்காரர்கள் என்றுதான் பார்த்தார்கள். இன்றைக்கு அத்தோவை வடசென்னைச் சாப்பாடு என்கிறோம், யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை. அந்தத் தலைமுறையில் பர்மாவை நேரில் பார்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பெட்டியில் கொண்டுவந்த பாத்திரம், கப்பல் சீட்டு, போட்டோ எல்லாம் எங்கே போகும்? பிள்ளைகள் வீடு மாற்றும்போது பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

நம் கலைகளுக்கே இடமில்லை, இதில் பீகார் பூஜைக்கு வேறா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சாவு வீட்டில் விடிய விடிய டோலக்கைத் தட்டிப் பாடும் கானாவுக்கும் பறைக்கும் வடசென்னைக் குத்துச்சண்டைக்கும் முதலில் இடம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களோடு எத்தனை பாட்டு போயிருக்கும்! அவர்களும் இந்த ஊருக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள்தான். ஆனால் கானா பாடுகிறவருக்கு இடம் கிடைக்காமல் போனது சத் பூஜைப் பாட்டுக்காரரால் இல்லை. இரண்டு பேருக்குமே கதவு திறக்கவில்லை. திறந்தால் இரண்டு பேரும் வரட்டும்.

வெளியில் இருக்கும் நம்மவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பாரிஸ் தெருவில் ஈழத்தமிழர்கள் பிள்ளையார் தேரிழுத்துத் தேங்காய் உடைக்கும்போது அந்த நகரம் தெருவையே விட்டுக்கொடுக்கிறது, படம் பார்த்து நாம் பூரித்துப்போகிறோம். தாராவியில் நம் திருநெல்வேலி ஜனங்கள் பொங்கலன்று தெருவில் வரிசையாகப் பானை வைக்கிறார்கள். அதே தாராவியில் 2016-ல் ஒரு மியூசியம் தொடங்கினார்கள், கட்டடம்கூட இல்லை, தள்ளிக்கொண்டு போகிற வண்டி ஒன்றுதான். அங்கே வாழ்கிற கைவினைஞர்கள் செய்த பொருள்களை அந்த வண்டியில் வைத்து அந்தத் தெருக்களிலேயே காட்டினார்கள். எழும்பூரிலிருந்தும் அப்படி ஒரு வண்டி கிளம்பி ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளர் விடுதிகளுக்கும் கண்ணகி நகருக்கும் போகலாமே.

அவசரம் இருப்பதால்தான் சொல்கிறேன். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். பயந்துபோய் ரயிலேறினவர்கள் உண்டு, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அரசு வேகமாக மறுத்தது, வழக்குப் போட்டது. ஆனால் பக்கத்து வீட்டில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார், எந்த நாளில் விரதம் இருக்கிறார் என்றுகூடத் தெரியாத ஊரில் அப்படிப்பட்ட பொய் ஒரே ராத்திரியில் பரவத்தான் செய்யும். நம்மைப் பற்றி அவர்கள் ஊரில் பரவியது, நாளைக்கு அவர்களைப் பற்றி நம் ஊரில் பரவும்.

அருங்காட்சியகத் துறைக்கு என் வேண்டுகோள் பெரியதில்லை, புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருக்கிற வளாகத்தில் ஒரு அறை, ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுதலாக இரண்டு மணி நேரம், மொழி தெரிந்த சில வழிகாட்டிகள், பேச வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி. பொங்கலுக்குச் சென்னை சங்கமம் நடத்துகிறோமே, அதில் நம் கலைஞர்களோடு இந்த ஊரில் வேலை பார்க்கும் மற்ற மாநிலப் பாட்டுக்காரர்களுக்கும் ஒரு மாலை கொடுக்கலாம். அடுத்த சஷ்டிக்கு முன்பே துறையிலிருந்து யாராவது சத் பூஜைக் குழுக்களையும் வடபழனியில் விரதம் இருக்கும் பெண்களையும் போய்ப் பார்த்து, கேமராவை எடுப்பதற்கு முன்னால், எதைச் சொல்ல விரும்புகிறீர்கள், யார் பேசப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருத் தம்பி வரத் தயாராக இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை