தேனீப் பெட்டி வாங்குமுன் பூக்கணக்கு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடியில் தேனீ வளர்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்கே சுத்தமான தேன், கூடவே தேனீக்களைக் காப்பாற்றிய புண்ணியம் என்று எழுதியிருந்தார்கள். தேன் கிடைக்கும், சந்தேகமில்லை. புண்ணியக் கணக்குதான் எனக்கு இடிக்கிறது.

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஜீவன்பீமா நகரில் வீடு. மாடியில் கத்தரி, தக்காளி, துளசி. கீழே வாசலோரம் ஒரு முருங்கை. பூச்சிகளின் பேரெல்லாம் வேளாண்மை படித்த என் மருமகள் சொல்லித் தந்தது. பார்க்கிறது என் வேலை.

கட்டுரையில் தேனீ என்றாலே பெட்டித் தேனீ மட்டும்தான். உலகத்தில் 20,000 வகைக்கு மேல் தேனீக்கள் இருக்கின்றன. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ என்று கூட்டமாக மெழுகு அடை கட்டும் குடும்பம் அதில் ஒரு கைப்பிடி. பெரும்பாலானவை தனிக்கட்டைகள். ராணி கிடையாது, வேலைக்காரிகள் கிடையாது. தாய் ஒருத்தியே மண்ணிலோ பட்டுப்போன கட்டையிலோ சுவர்த் துளையிலோ அறை அமைத்து, மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இட்டு மூடுவாள். அப்புறம் அடுத்த அறை. வாழ்நாளில் சில பத்து முட்டை தேறினாலே பெரிது.

என் கத்தரிச் செடிக்கு வருவது அப்படி ஒருத்தி, நீலவரித் தேனீ. வயிற்றில் பட்டை பட்டையாக நீலம் மின்னும். கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் நடுவில் உள்ள மஞ்சள் குழாய்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும். வெளியே வர நுனியில் ஒரு சின்னத் துளைதான் வழி. இந்தத் தேனீ அந்தக் குழாய்களைக் கால்களால் கட்டிப்பிடித்துத் தொங்கி, இறக்கையை மடக்கிக்கொண்டு, மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது வருவதைவிடக் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். தூள் அதன் வயிற்றில் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பொழுது சாய்ந்தால் ஆண்கள் துளசிக் காம்பைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கிவிடும். அவற்றுக்கு வீடென்று தனியாக எதுவும் இல்லை.

பூக்களைப் பங்குபோட்டுக்கொள்வதில் இவற்றுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. இட்லிப்பூவின் நீளக் குழாயில் அடிவரைக்கும் எட்டுவது பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழல். முருங்கைப் பூவுக்கு விடிந்ததும் கருவண்டு வந்துவிடும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற பெரிய தேனீதான் அது. இலவம்பூவுக்கு ராத்திரி வௌவால். அதற்காக எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு மஞ்சள் தெக்கோமாவில் இதே கருவண்டு முறையாக உள்ளே போகாமல் பூவின் அடியைக் கீறித் தேனைக் குடித்துவிட்டுப் போகும். பூவுக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. அது போன பிறகு அதே கீறலில் எறும்பும் சின்னத் தேனீயும் வாய் வைக்கும். தேன்சிட்டு இன்னும் மோசம். ஒரு செடி தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டால் வேறொரு தேன்சிட்டை அண்ட விடாது.

பூ நிறைய இருக்கும்வரை இதெல்லாம் செல்லச் சண்டை. லால்பாக் பூங்காவைக் கவனித்துக்கொண்ட ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கும்படி இந்த ஊர்ச் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தவர் என்று பெயர் பெற்றவர். மனுஷர் கண்ணுக்காகச் செய்தது பூச்சிகளுக்கும் உதவியது. மார்ச், ஏப்ரலில் புங்கை பூக்கும்போது தெருவே ரீங்காரமிடும். யாரும் யாரையும் துரத்துவதில்லை. இடைஞ்சல் மழைக்காலத்தில்தான். மரங்கள் ஓய்ந்துவிடும். முன்பு காலி மனைகளில் தும்பை பூத்துக் கிடக்கும், இந்த நீலவரிக்கு அது உயிர். இப்போது காலி மனையே இல்லை. குடியிருப்புகளில் இருப்பதெல்லாம் புல்தரை, குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி. இவற்றில் தேனீக்கு எட்டும் தீனி அநேகமாக இல்லை.

இந்த நேரத்தில்தான் பெட்டியின் கணக்கு வருகிறது. இத்தாலியத் தேனீப் பெட்டி பலமாக இருந்தால் ஒன்றில் 30,000 தேனீக்களுக்கு மேல் இருக்கும். ஒன்று நல்ல பூ கண்டுவிட்டு வந்து, அது இருக்கும் இடத்தை ஆடிக் காட்டினால் கூட்டமே கிளம்பும். பெட்டியில் இருந்து 2, 3 கிலோமீட்டர் போய்வருவது அவற்றுக்குச் சாதாரணம். தனித் தேனீக்களில் பலவற்றுக்குச் சில நூறு மீட்டர்தான் எல்லை. பக்கத்துப் பூ காலியானால் பக்கத்துப் பேட்டைக்குப் போக முடியாது. எங்கள் கணக்குப் பிரிவில் வரவைப் பார்க்காமல் செலவை ஏற்றினால் மேலதிகாரி ஃபைலை மூஞ்சியில் எறிவார். இங்கே வரவு பூ.

பக்கத்துக் குடியிருப்பில் பெட்டிகள் வந்த பிறகு என் துளசியில் வெயில் ஏறுமுன்பே இத்தாலியத் தேனீக்கள் மொய்த்து முடித்துவிடுகின்றன. நீலவரி வந்து இரண்டு பூவில் நாக்கை விட்டுப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறது. ஒரு மாடியைப் பார்த்து ஊருக்கே தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டிகள் நெருக்கமாக உள்ள இடங்களில் மற்றத் தேனீக்களுக்குத் தீனி குறைவதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே பூவில் மாறி மாறி உட்காருவதால் நோயும் தொற்றும். தேனீக் கூட்டங்களில் நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது தென்னிந்தியாவுக்குத் தெரியாததில்லை. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் வந்து இந்தியத் தேனீப் பெட்டிகளைத் துடைத்து எடுத்தது. அதற்கு அப்புறம்தான் இத்தாலியத் தேனீ இந்தப் பக்கம் இவ்வளவு பரவியது.

பக்கத்துக் குடியிருப்பைப் பற்றி இன்னொன்று. அவர்கள் பால்கனிக்கு அடியில் மலைத்தேனீ அடை கட்டியபோது, ஆள் வைத்து ராத்திரியோடு ராத்திரியாக மருந்தடித்துக் கொன்றார்கள். கொட்டிவிடும் என்ற பயம் நியாயம்தான், குழந்தைகள் இருக்கும் இடம். ஆனால் அந்த அடை பருவம் முடிந்தால் தானே கிளம்பிப் போகக்கூடியது. ஹொசகோட்டே பக்கம் ராமகோவிந்தபுரத்து ஆலமரத்தில் நூற்றுக்கணக்கான அடைகள் தொங்கும். அதுவும் பருவத்துக்கு வந்து போகிற கூட்டம்தான். தானாக வந்த தேனீக்கு விஷம் வைத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய தேனீக்குப் பக்கத்தில் ‘தேனீக்களைக் காப்போம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.

நான் பெட்டிக்கே எதிரி இல்லை. சூரியகாந்தி வயல் வைத்திருப்பவருக்கு இத்தாலியத் தேனீ கண்கூடான லாபம். வயலில் பூ ஏக்கர் கணக்கில் இருக்கிறது, சொல்வதற்கு ஒன்றுமில்லை. நகரத்து மாடியில் தேன் ஆசைக்கு வைப்பவர்கள் தேனுக்கு என்றே சொல்லிவிட்டு வைக்கட்டும். வைத்தே தீர வேண்டும் என்றால் இந்தியத் தேனீயாக ஒன்றிரண்டு பெட்டி, பக்கத்துக் கட்டடத்தில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று விசாரித்துவிட்டு. அதற்கு முன்னால் தோட்டக்காரரிடம் சொல்லித் துளசியைப் பூக்க விடலாம், ஒற்றை அடுக்குச் செம்பருத்தி வைக்கலாம், சுவரோரம் ஓரடி மண்ணைக் கல் பதிக்காமல் விடலாம்.

உங்கள் கட்டுரையில் பெட்டியின் விலை, தேன் எடுக்கும் கருவியின் விலை, கையுறை விலை எல்லாம் இருந்தது. அடுத்த முறை அந்தப் பெட்டியில் உள்ளவை சாப்பிட எந்தெந்த மாதம் எந்தப் பூ இருக்கும் என்று ஒரு பட்டியலும் போட்டால் நன்றாக இருக்கும். ஜூலைக்கு என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜீவன்பீமா நகர், பெங்களூரு