செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சிமுலேஷன் காட்சிகளும் அவற்றுக்குச் சொன்ன கருத்துகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, பெற்றோருடன் வந்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

நமது அறிவியல் மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மழைக்காலத்தில் தடைபட்டதைத் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வான்நோக்கு இரவுக்கு வழக்கம்போல நல்ல கூட்டம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு மன்றத்தில் உண்மையாகவே புதிதாக நடந்தது ஞாயிறு மாலைப் பட்டறைதான். அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

பட்டறையில் மாணவர்கள் பயன்படுத்துவது அல்கோடூ என்ற சிமுலேஷன் மென்பொருள், அதாவது பொருள்கள் எப்படி அசையும் என்று கணக்கிட்டுத் திரையில் ஓட்டிக் காட்டுவது. சுவீடனில் உள்ள உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் என்ற மாணவர் தம் முதுநிலை ஆய்வுக்காகச் செய்து 2008இல் வெளியிட்ட ‘ஃபன்’ என்ற மென்பொருளில் இருந்து வளர்ந்தது இது. அதே ஊரில் உள்ள அல்கோரிக்ஸ் நிறுவனம் அதை வளர்த்தெடுத்து அல்கோடூ என்று பெயர் வைத்தது. இன்று இலவசமாகவே கிடைக்கிறது. வட்டம், பலகை, சங்கிலி, அச்சு, ஸ்பிரிங், தண்ணீர், லேசர் என்று எதை வேண்டுமானாலும் திரையில் வரைந்து ஓட விடலாம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன, அருமையானவை. ஆனால் அவை முன்பே செய்து வைத்தவை; நாம் திருகிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அல்கோடூவில் பிள்ளை தானே ஒரு காட்சியைக் கட்டுகிறது. கட்டியதைப் பற்றி யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்கிறது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த ஆண்டு முழுக்க நமக்கு வேலையாக இருந்தது.

தொடக்கத்தில் இரண்டே விதமான கருத்துகள் வந்தன. ஒன்று ‘சூப்பர்’, இன்னொன்று ‘தப்பு’. இரண்டையும் வைத்துக்கொண்டு காட்சியைச் செய்தவர் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் செயற்குழு கூடிப் பேசி ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டது. காட்சியைச் செய்தவர் முதலில் வாயைத் திறக்கக் கூடாது. வேறொருவர் வந்து அதை ஓட்ட வேண்டும், கண்ணில் பட்டதை உரக்கச் சொல்ல வேண்டும். ஃபெட் குழுவினர் தங்கள் சிமுலேஷன்களை மாணவரிடம் கொடுத்து, நினைப்பதைச் சொல்லச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே திருத்துகிறார்கள்; அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொண்டோம். அதன் பிறகுதான் செய்தவர் ‘நான் காட்ட நினைத்தது இது’ என்று சொல்லலாம். கடைசியாக, கருத்து சொல்பவர் ஒரே ஒரு மாற்றத்தை முன்வைக்க வேண்டும். அதை அங்கேயே செய்து ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நாலைந்து குறைகளை ஒரே மூச்சில் அடுக்கினால் பிள்ளை மடிக்கணினியை மூடிவிடும். அதை நேரில் பார்த்திருக்கிறோம்.

இந்த முறை எப்படிப் பலன் தந்தது என்பதற்கு ஓர் ஊசலைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையை மேல் முனையில் அச்சில் மாட்டி ஆட விட்டார். பாடப்புத்தகச் சூத்திரப்படி அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம், 2 விநாடிக்கு வர வேண்டும். அவருக்கு வந்ததோ 1.64 விநாடி. மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து, 2 விநாடி வரும்வரை ஈர்ப்பு முடுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கிறார். 9.8 என்று இருந்தது 6.5இல் வந்து நின்றது. காட்சி இப்போது ‘சரியான’ விடையைக் காட்டியது.

ஈர்ப்பில் கை வைக்காதே என்று சொல்லி முடித்திருக்கலாம். நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், அப்படிச் சொல்லவில்லை. “ஏம்மா 6.5லே நின்னது? 9.8ஐ அதால வகுத்துப் பாரு” என்றார். ஒன்றரை வந்தது. அவ்வளவு சுத்தமான எண் தற்செயலாக வராது என்பது அந்த மாணவிக்கே பட்டது. புத்தகத்தில் உள்ள தனி ஊசலில் எடை முழுவதும் நூலின் நுனியில் இருக்கிறது. பலகையிலோ எடை நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. சீரான தண்டு ஒன்று முனையில் தொங்கி ஆடினால், அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள தனி ஊசலைப் போல ஆடும். அவர் ஈர்ப்பில் குறைத்ததும் அதே மூன்றில் ஒரு பங்குதான். பிறகு ஈர்ப்பைப் பழையபடி 9.8 ஆக்கி, பலகையின் அடர்த்தியை மிகக் குறைத்து, நுனியில் கனமான சிறு வட்டத்தைப் பொருத்தினார். அலைவு நேரம் தானாகவே 2 விநாடியை நெருங்கியது. மென்பொருள் முதலிலிருந்தே சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. அந்த மாணவி இரண்டு காட்சிகளையும் அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். இந்த ஆண்டின் மிகச் சிறந்த காட்சி என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தேர். நம் திருவாரூர் மாவட்டத்தில் பிள்ளைகள் கையில் ஒரு வரையும் கருவியைக் கொடுத்தால் தேர் வராமல் இருக்குமா? ஒரு மாணவர் ஆழித்தேரைப் பக்கவாட்டில் வரைந்து, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டு நிறுத்திக் காட்டினார். தேர் கட்டையில் மோதியதும் பொம்மை வண்டி போலத் துள்ளியது. தேருக்குக் கட்டை போடுவதில் பல ஆண்டு அனுபவமுள்ள ஓர் உறுப்பினர் அன்று வந்திருந்தார். கணினியைத் தொட்டவரே இல்லை. பார்த்தவுடன், “தேர் இப்படித் துள்ளாது தம்பி, மெதுவா அசைஞ்சு நிக்கும்” என்றார்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அளவுகோலைப் பார்த்தோம். மென்பொருளின் கணக்கில் அந்தத் தேரின் உயரம் வெறும் 3 மீட்டர். உண்மையான ஆழித்தேர் 96 அடி, அதாவது 29 மீட்டருக்கு மேல். ஈர்ப்பு ஒன்றாகவே இருக்க, உயரம் சுமார் பத்து மடங்கானால் சாய்வதும் ஆடுவதும் பத்தின் வர்க்கமூலம், அதாவது மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான நேரம் எடுக்கும். படத்தை உண்மை அளவுக்குப் பெரிதாக்கி ஓட்டியபோது தேர் தேராகவே அசைந்தது. திரையில் பார்ப்பதற்குப் படம் ஒன்றுதான், அசைவு மட்டும் வேறு. கட்டை போடுபவரின் கண் அளவுநாடா இல்லாமலே அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார்: கட்டை போடுவது தேரை நிறுத்த மட்டுமல்ல, திருப்பவும்தான். இன்று ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் செய்து தந்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. ஆனாலும் வீதி முனையில் திருப்பக் கட்டைதான் வேண்டும். இதை அல்கோடூவில் பக்கவாட்டுப் படமாகக் காட்டவே முடியாது. அது இரு பரிமாண உலகம், அங்கே இடது சக்கரம் வலது சக்கரம் என்ற பேச்சே இல்லை. ‘இந்தக் காட்சி தேர் நிற்பதை மட்டுமே காட்டும், திரும்புவதைக் காட்டாது’ என்று அந்த மாணவர் தம் காட்சியின் மூலையில் எழுதி வைத்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு காட்சியிலும் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

எல்லா விநோதத்துக்கும் இயற்பியலே காரணம் என்று சொல்ல முடியாது. சில கணக்குப் போடும் விதத்தால் வருபவை. ஒரு மாணவரின் காட்சியில் துப்பாக்கிக் குண்டு சுவரில் ஓட்டையே போடாமல் மறுபக்கம் போனது. அல்கோடூ வழக்கமாக விநாடிக்கு 60 முறை எல்லாவற்றின் இடத்தையும் கணக்கிடுகிறது. விநாடிக்கு 100 மீட்டர் போகும் குண்டு ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே 1.67 மீட்டர் தாண்டிவிடும். சுவரின் தடிமனோ 10 சென்டிமீட்டர். குண்டு சுவருக்குள் இருந்த கணம் கணக்கிலேயே வரவில்லை. இதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சோதனை எளிமையானது: சந்தேகம் வந்தால் 60ஐ 120 ஆக்கு, 240 ஆக்கு. விடை மாறினால் அது கணக்கின் குணம். மாறாமல் நின்றால் இயற்பியலைப் பற்றிப் பேசலாம்.

நிற்காமல் சுற்றும் சக்கரத்துக்கும் இதுபோல எளிய சோதனைதான் கைகொடுத்தது. ஆரக்கால்களில் பாதரசம் நிரப்பிய சக்கரம் ஒன்றைப் பாஸ்கரர் 1150 வாக்கில் விவரித்திருக்கிறார். அதைப் படித்த இரண்டு பேர் பாதரசத்துக்குப் பதில் உருளும் குண்டுகளை வைத்துச் செய்தார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைக் கேலி செய்யாமல் இரண்டு கேள்விகள் கேட்டோம்: தொடக்கத்தில் கையால் தள்ளாமல் விட்டால் தானாகக் கிளம்புமா? உராய்வையும் காற்றுத் தடையையும் போட்டால் ஆற்றல் வரைபடம் எந்தப் பக்கம் போகிறது? கிளம்பவில்லை. வரைபடம் கீழே இறங்கியது. அவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் விடையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களே.

குறைகளையும் சொல்ல வேண்டும். மடிக்கணினிகள் போதவில்லை; பழையவற்றில் தண்ணீர்க் காட்சிகள் திணறுகின்றன. மாணவிகள் பலர் மாலை ஆறு மணிக்கு மேல் இருக்க முடிவதில்லை. அவர்களின் காட்சிகள் கடைசியில் வந்தால் கருத்து கேட்காமலே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. வரும் ஆண்டில் அவர்களின் காட்சிகளையே முதலில் எடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அப்புறம், பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும்போது மவுஸைக் கையில் வாங்காதீர்கள். எவ்வளவு நல்ல கருத்தாக இருந்தாலும் வாயால் சொல்லுங்கள். மாற்றத்தை அவர்கள் செய்யட்டும்.

வரும் ஆண்டு லேசரும் ஒளிவிலகலும் எடுத்துக்கொள்ளத் திட்டம். தண்ணீர்த் தொட்டி, கண்ணாடிப் பட்டகம், மெழுகுவத்தி ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் வருவது மேசையிலும் வருகிறதா என்று அன்றன்றே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கான சிறு தொகையைப் பொருளாளரின் திட்ட மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறோம்.

இடம் தந்த நூலகத்தாருக்கும், மடிக்கணினி கொடுத்து உதவிய உறுப்பினர்களுக்கும், ஒவ்வொரு ஞாயிறும் தேநீர் கொண்டுவந்து தந்த பெற்றோருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையையும், மாணவிகளின் காட்சிகளை முதலில் எடுப்பது குறித்த முன்மொழிவையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்