ஒரே டம்ளர் தண்ணீர் இரண்டுக்கும் ஆகாது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பால்கனியில் இருக்கும் தைலமரக் கன்றின் நுனி கருகியிருக்கிறது. வரவேற்பறை அலமாரியில் இருக்கும் கள்ளிச்செடியோ அடியில் பழுப்பேறி அமுங்கியிருக்கிறது. "ரெண்டுமே வறட்சி தாங்குற செடிதானேப்பா, அதான் ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்தினேன்" என்று எழுதியிருந்தாய். அந்த டம்ளர் தைலமரத்துக்கு எந்த மூலைக்கும் காணவில்லை; கள்ளிக்கு அதுவே மிஞ்சிப்போனது.

வறட்சி தாங்குவது என்றாலும் இரண்டும் தாங்கும் விதம் நேர் எதிர், பாப்பா. தைலமரம் தண்ணீரைத் தேடிப் போகும். மேல்மண்ணில் பரவும் வேர் ஒருபக்கம், ஆழத்துக்கு இறங்கும் வேர் இன்னொரு பக்கம். ஈரம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை பகலெல்லாம் இலைத்துளைகளைத் திறந்து வைத்துக் குடித்துக்கொண்டே வளரும். கள்ளி எங்கும் போகாது. கிடைத்த மழையைத் தண்டுக்குள் நிரப்பிக்கொண்டு, பகலில் துளைகளை மூடிவிட்டு, வெயில் தணிந்த இரவில்தான் திறக்கும். அதனால் செலவு மிகக் குறைவு. இப்போது யோசித்துப் பார்: தைலமரத்தைத் தொட்டியில் வைத்தால் அது தேடிப் போக இடமேது? சுவர் முட்டிய வேருக்கு நீ ஊற்றுவது மட்டும்தான் தண்ணீர். தரையில் கோடையைத் தாண்டும் அதே மரம் தொட்டியில் இரண்டு நாள் காய்ந்தாலே கருகுவது அதனால்தான்.

முதலில் கள்ளியைக் கவனி. அழுகல் காத்திருக்காது. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகலுக்கு மேலே குறுக்காக வெட்டு. வெட்டிய முகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டு. முழுக்கப் பச்சையாகவோ வெள்ளையாகவோ தெரியும்வரை நிறுத்தாதே. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். பிறகு வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை, 7 முதல் 10 நாள், நிழலில் காற்றுபடச் சும்மா வை. பயந்துபோய் உடனே மண்ணில் வைத்துவிடாதே, மறுபடியும் அழுகும். தோல் கட்டியபின் உலர்ந்த கலவைமேல் உட்கார வை. வேர் விட 2, 3 வாரம் ஆகும். செடியை மெல்ல அசைத்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் தண்ணீர் விடு.

கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, பருமனான ஆற்றுமணலும் பட்டாணி அளவு செங்கல் துண்டும் சேர்ந்து இரண்டு பங்கு. கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் மட்டும் கிடைத்தால் நன்றாக அலசி, தூளைப் போக்கிவிட்டுப் போடு. அந்தத் தூள்தான் சிமென்ட் மாதிரி இறுகி வேருக்குக் காற்றில்லாமல் செய்கிறது. கள்ளி வேர் தண்ணீரால் சாவதில்லை, ஈரம் அடைத்துக் காற்று போகாததால்தான் சாகிறது. தொட்டி மண்தொட்டியாக, செடியைவிட ஓர் அங்குலம் மட்டும் அகலமாக, அடியில் துளையோடு இருக்கட்டும். கடையில் வாங்கும்போது மேலே பசைபோட்டு ஒட்டியிருக்கும் கலர் கல்லைப் பெயர்த்து எறி. அது மண்ணின் ஈரத்தைக் கண்ணுக்கு மறைக்கிறது.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். ஊதுபத்திக் குச்சியை அடிவரை குத்தி எடு. ஈரமண் ஒட்டினால் பொறு. சுத்தமாக வந்தால் இன்னும் இரண்டு நாள் கழித்து, அடித்துளையில் வழியும்வரை ஊற்று. தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடு. உங்கள் பெங்களூருவில் கோடையில் 10 நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் 3 வாரம், டிசம்பர், ஜனவரியில் மாதம் ஒருமுறை என்று உத்தேசமாக வரும். தாகம் எடுத்தால் மடிப்புகள் ஒடுங்கிச் செடி சுருங்கும், ஆனால் கையில் கெட்டியாக இருக்கும். அழுகினால் கொழகொழக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாடியது என்று நினைத்து மேலும் ஊற்றிக் கொல்வதுதான் அதிகம்.

வெளிச்சம் தினம் 4 மணி நேரமாவது வேண்டும். உன் அலமாரியில் அது கிடையாது. நுனி மெலிந்து வெளுத்து நீண்டிருப்பது அதனால்தான். நீண்டது திரும்பத் தடிக்காது. கிழக்குச் சன்னலுக்கு மாற்று. ஆனால் ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்தால் வெந்து, ஆறாத தழும்பு விழும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு.

தைலமரக் கன்றுக்கு வருவோம். உன்னுடையது வட்ட இலை வெள்ளிச் சாயல் வகை, சில்வர் டாலர் என்று விற்பது. பால்கனியில் 6 மணி நேர நேர்வெயிலும் காற்றும் வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் இலையில் வெள்ளைப் பூஞ்சை படியும். தொட்டி 12 அங்குலம். செம்மண் 2, மணல் 1, மட்கிய தொழு உரம் 1. மாற்றும்போது வேர்ப்பந்தை உதறாதே, கலைத்தால் கோபித்துக்கொள்ளும் மரம் இது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் தண்ணீர். ஏப்ரலில் அது தினமும்கூட ஆகும். இதற்கும் தேங்கல் ஆகாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் போர்வெல் உப்புத்தண்ணீர் காரணம். சுண்ணாம்புச் சத்து ஏறிய மண்ணில் இரும்பு கரைந்து வேருக்குக் கிடைக்காது. மழைநீர் பிடித்து ஊற்று.

கருகிய நுனியைப் பச்சைக் கணுவரை வெட்டிவிடு. பெரும்பாலான வகைகளில் அடித்தண்டில் ஒரு முண்டு இருக்கும், அதில் உறங்கும் மொட்டுகளிலிருந்து துளிர்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிக் கவாத்து செய்தால் உனக்குப் பிடித்த வட்ட இலையே வந்துகொண்டிருக்கும். விட்டால் அரிவாள் மாதிரி நீண்டு தொங்கும் முதிர் இலைக்கு மாறிவிடும்.

பெரிதானதும் குடியிருப்பின் தோட்டத்தில் நடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். திப்பு காலத்தில் உன் பக்கத்து நந்தி மலையில் கொண்டுவந்து வைத்த மரம்தான். ஆனால் நிலத்தடி நீருக்குப் பயந்து 2017-இல் கர்நாடக அரசே புதிய நடவைத் தடுத்தது. போர்வெல்லை நம்பிக் குடியிருக்கும் இடத்தில் எதற்கு? தொட்டியிலேயே 3, 4 ஆண்டு வைத்துக்கொள்.

கள்ளியை வெட்டியதும் வெட்டுமுகத்தைப் படமெடுத்து அனுப்பு. பழுப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா